உம்மா உட்கார்ந்து பார்த்த முதல் படம்

இந்த ஊரில் நடுப்பகலில் தனியாகப் படம் பார்க்கப் போகிறார்கள். அதுவும் யார்? எழுபது, எண்பது வயதுப் பெண்கள். நான் வேலை செய்யும் பேக்கரிக்கு எதிரே ஒரு பழைய தியேட்டர் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைப் பகல் காட்சிக்கு டிக்கெட்டோடு ஒரு கோப்பைத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள். வெள்ளைத் தலையும் நனைந்த குடையுமாக ஒருவர் வருவார், கொஞ்சம் பொறுத்து இன்னொருவர் வருவார். ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் போலவும் இருக்காது. படம் முடிந்து வெளியே வரும்போது அவர்களுடைய முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்து இறங்கிய முகம். சிலர் தெருவைக் கடக்க மறந்து அப்படியே நிற்பார்கள். பாண் ரொட்டியைப் பையில் போட்டுக் கொடுத்தபடி நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். இங்கிலாந்துக்கு வந்து பத்து வருடமாகிறது. குளிர் பழகிவிட்டது, எதற்கெடுத்தாலும் 'ஸொறி' சொல்வதும் பழகிவிட்டது. இது மட்டும் பழகவில்லை.

இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில், நான் வளர்ந்த தெருவில் ஒரு பெண் தனியாகத் தியேட்டருக்குப் போனாள் என்றால், அவள் வீடு வந்து சேருவதற்கு முன்பே அந்தக் கதை பக்கத்து ஊரான மாளிகைக்காடு வரை போயிருக்கும். அதற்காகப் படம் பார்க்காத வீடு உண்டா என்று கேட்டால், கிடையாது. முன்கதவைச் சாத்தி, யன்னல் சீலையை இழுத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்ப்போம். நோன்பு மாதம் பிறந்தால் டீவிக்கு மேலே ஒரு பூப்போட்ட துணி ஏறும், பெருநாளன்று பின்நேரம் இறங்கும். வாப்பா பாயில் சாய்ந்துகொண்டு பார்ப்பார், நான் அவருடைய காலடியில். உம்மா மட்டும் பார்ப்பதில்லை. அதாவது, உட்கார்ந்து பார்ப்பதில்லை. குசினிக் கதவு நிலையில் தோளைச் சாய்த்து, கையில் அகப்பையையோ உரித்த வெங்காயத்தையோ பிடித்தபடி, படம் முடியும்வரை நிற்பார்.

"கதிரையில இரிங்களன் உம்மா" என்று கூப்பிட்டால், "எனக்கு அலுவல் கிடக்கு. நான் எங்க படம் பாக்கன்?" என்பார். நின்று பார்த்தால் அது பார்த்ததில் சேராது என்பது உம்மா தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். எந்த மௌலவியும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. படத்தில் யாராவது அழுதால் உம்மாவும் அழுவார், பழி வெங்காயத்தில் விழும். அடுத்த நாள் கதையைச் சொல்லச் சொன்னால் ஒரு காட்சி விடாமல் சொல்வார். ஆனாலும் அவர் படம் பார்க்காத மனுசி. தெரு முழுக்க அப்படித்தான் அவருக்குப் பெயர்.

எங்கள் கரையோரத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பெண்பிள்ளை பிறந்தால் பெற்றவர்கள் அவளுக்கு வீடு கட்டத் தொடங்குவார்கள். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். நான் ஒரே பிள்ளை. கடல் ஊருக்குள் வந்து பழைய வீட்டைக் கொண்டுபோன பிறகு, வாப்பா மறுபடி அத்திவாரத்திலிருந்து தொடங்கி எனக்கு ஒரு வீடு கட்டி, என் பெயருக்கு எழுதினார். அதில் நான் இரண்டு வருடம்கூட இருந்திருக்க மாட்டேன். கணவருக்கு இங்கே வேலை கிடைத்தது, புறப்பட்டு வந்துவிட்டோம். வாப்பா மௌத்தான பிறகு உம்மா தனியாக அந்த வீட்டைக் காத்துக்கொண்டிருந்தார். காத்துக்கொண்டிருந்தார் என்று சும்மா சொல்லவில்லை. சொந்தக்காரர் கல்யாணம் என்று அக்கரைப்பற்றுக்குப் போனால்கூட பின்நேர அஸர் தொழுகைக்குள் திரும்பிவிடுவார். "மகள்ற வீடு சும்மா கிடக்கப்படா" என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு. ஓடு ஒன்று விலகினாலும், கிணற்றடியில் பாசி பிடித்தாலும் எனக்குப் போனில் செய்தி வரும். கொழும்பைக்கூட என்னிடம் வர விசா எடுக்கப் போனபோதுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

அந்த விசாவில் போன வருடம் உம்மா இங்கே வந்தார். அதில் ஆறு மாதம் தங்கலாம். என் மனதில் இருந்ததோ வேறு. அவரை இனி அனுப்புவதில்லை என்று நினைத்திருந்தேன். இருக்கிற வழிகளையெல்லாம் கணவர் விசாரித்து வைத்திருந்தார். உம்மாவின் வயதுக்கு அங்கே தனியாக இருப்பது ஆபத்து என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. மீதி உண்மை என்னவென்றால், வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே ஒரு ஆள் இருக்க வேண்டும், எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தர வேண்டும், என்னை 'புள்ள' என்று கூப்பிட வேண்டும். நாற்பது வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இதை வாசிக்கிற, என்னைப் போல வந்து குந்தியிருக்கிற பெண்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஆனால் உம்மாவின் உடம்புதான் இங்கே இருந்தது. யன்னலடியில் நின்று ஆளில்லாத தெருவைப் பார்ப்பார். "இங்க ஆக்கள் எல்லாம் எங்கயன் போற?" என்று கேட்பார். பிறகு ஊருக்குப் போன் எடுத்து, முற்றம் கூட்டினார்களா, முருங்கையில் மசுக்குட்டிப் புழு ஏறிவிட்டதா என்று பக்கத்து வீட்டு ராத்தாவை விசாரிப்பார். அந்த வீடு அவரைப் பிடித்த பிடி எனக்கு எரிச்சலாக இருந்தது. என்னுடைய வீடுதான், ஆனாலும் எரிச்சல். உலகம் பெரிது, அதில் ஒரு வளவும் ஒரு கிணறும் மட்டும் இல்லை என்று அவருக்கு எப்படியாவது காட்ட வேண்டும். அது விளங்கினால் பிடி தளரும், என்னோடு இருந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். அப்போதுதான் பேக்கரிக்கு எதிரே இருந்த தியேட்டர் நினைவுக்கு வந்தது.

"படத்துக்கா? இந்த வயசிலயா? நல்லா இருக்கும்!" என்றார் உம்மா.

"தேத்தண்ணி சும்மா குடுப்பாங்க உம்மா. பிஸ்கட்டும் இரிக்கி."

உம்மா "அப்ப தேத்தண்ணி குடிச்சிட்டு வருவம்" என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

தேநீரைக் குடித்தார், பால் கூடிவிட்டது என்றார். விளக்கு அணைந்தது. பக்கத்தில் பார்க்கிறேன், ஆளைக் காணவில்லை. திரும்பினால், பின்சுவரில், கதவுக்கு அருகே, தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். கையில் அகப்பை இல்லாத குறைக்குத் தேநீர்க் கோப்பை. டோர்ச் வைத்திருந்த மனிதர், ஐம்பது வயதிருக்கும், ஓடி வந்து அவருக்கு இருக்கையைக் காட்டினார். உம்மா தலையை ஆட்டி "நோ, நோ" என்றார். சுகமில்லையோ என்று அவர் பயந்துபோனார். நான் எழுந்து போய், இவர் நலமாகத்தான் இருக்கிறார், நிற்பதுதான் விருப்பம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். முதுகு வலியா என்று கேட்டார். நின்று பார்த்தால் படம் பார்த்த கணக்கில் வராது என்பதை இந்த நாட்டுக்காரருக்கு நான் எந்த வாயால் விளக்குவது? ஓம், முதுகுதான் என்றேன். பாவம் அந்த மனிதர், எங்கேயோ போய் ஒரு தலையணையைக் கொண்டுவந்து உம்மாவுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்.

"இந்த மனுசன் ஏன் புள்ள தலகாணிய வெச்சிக்கிட்டு நிக்கிறார்?"

"வாங்கிக்கங்க உம்மா, பேசாம வாங்கிக்கங்க."

உம்மா அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். நான் வெட்கத்தோடு வந்து உட்கார்ந்தேன்.

அது எந்த நாட்டுப் படமென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பேச்சு எங்கள் இருவருக்கும் தெரியாத மொழி, கீழே ஆங்கிலம் ஓடியது. மலைக்குள் ஒரு சின்ன ஊர். அங்கே உப்பு விற்கிற ஒரு நடுத்தர வயதுப் பெண். ஆயுள் முழுக்க உப்பு விற்றவள், கடலை ஒரு நாளும் கண்டதில்லை. உப்பு கடலில் இருந்து வருகிறது என்று வாங்க வந்த ஒருவரிடம் சொல்கிறாள். கடல் எப்படி இருக்கும் என்று அவர் கேட்கிறார். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடாமல் செய்கிறது. ஒரு விடியலில் தராசை எடுத்துவைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். இவ்வளவுதான் கதை. மீதியெல்லாம் பயணம். லொறியில் ஆடுகளுக்கு நடுவே குந்திப் போகிறாள். பனியில் நடக்கிறாள். ஓரிடத்தில் காய்ச்சலில் விழுகிறாள், மொழி தெரியாத ஒரு குடும்பம் கஞ்சி கொடுக்கிறது.

நான் பேக்கரிக்காரி, நின்று நின்று களைத்தவள். கொஞ்சம் கண்ணயர்ந்தும் இருப்பேன். படத்தில் அந்தப் பெண் ரயிலைத் தவறவிட்டு, யாருமில்லாத ஸ்டேஷனில் வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். அந்த நேரம் என் பக்கத்து இருக்கை கிறீச்சிட்டது. உம்மா இருட்டில் தட்டுத்தடவி வந்து உட்கார்ந்திருந்தார். நான் மூச்சுக்கூடப் பெரிதாக விடவில்லை. கீழே ஓடும் ஆங்கிலத்தை மெதுவாகத் தமிழில் சொல்லத் தொடங்கினேன்.

"சும்மா இரு புள்ள. எனக்கு விளங்குது."

அடுத்த ரயில் வந்தது. அவள் ஏறினாள். ரயில் அசைந்ததுதான் தாமதம், உம்மா இரு கைகளையும் ஏந்தி, பயணம் புறப்படும்போது ஓதுகிற துஆவைச் சத்தமாகவே ஓதினார். எங்கள் வீட்டில் ஆட்டோவில் கால் வைத்தாலும் அதை ஓதாமல் அவர் நகரமாட்டார். முன்வரிசைத் தலைகள் திரும்பின. அவருக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்காரப் பாட்டி என்னிடம் குனிந்து, இவருக்கு ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். அந்தப் பெண் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டுமென்று கேட்கிறார் என்றேன். பாட்டி இரக்கத்தோடு உம்மாவின் கையைத் தட்டி, கவலைப்படாதே, அவள் வெறும் நடிகைதான் என்றார்.

"என்னவாம்?"

"நடிப்புதானாம் உம்மா."

"நடிச்சாலும் போறது போறதுதானே" என்று சொல்லிவிட்டு உம்மா துஆவை விட்ட இடத்திலிருந்து முடித்தார்.

கடைசியில் அவள் உப்பளங்களுக்கு வருகிறாள். வெள்ளையாகப் பரந்து கிடந்ததைப் பார்த்துப் பனியென்று நினைத்துத் தொட்டு, நக்கிப் பார்த்துச் சிரிக்கிறாள். வரம்பில் நடந்து அந்தப் பக்கம் ஏறியதும் கடல். உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதப் பாக்கவா இவ்வளவு பாடுபட்டு வந்த? எங்கட வளவுக்குப் பின்னால கிடக்குதே!" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. திரையில் அவள் அலையில் கால் நனைத்துக்கொண்டு நின்ற நேரம் முழுக்க உம்மா தலையணையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். விளக்குப் போட்ட பிறகும் எழும்பவில்லை. வெளியே வந்து, மழையில், தெருவைக் கடக்க மறந்து நின்றார். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம்தான். உள்ளுக்குள் எனக்குச் சந்தோசம் பொங்கியது. கணக்குச் சரிவந்துவிட்டது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது உம்மா கேட்டார். "நான் ஒரு நாளைக்கு எத்தன தரம் தேத்தண்ணி குடிக்கன்?"

"அது கணக்கில்ல உம்மா. கேத்தில் ஆறுறதே இல்லயே."

"தேயிலக் கொழுந்த நான் ஒருநாளும் கண்ணால கண்டில்ல புள்ள. செடியா, மரமா, அதுவும் தெரியா."

அதற்குப் பிறகு, பேக்கரியில் என் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு செவ்வாயும் போனோம். தலையணைக்காரர் உம்மாவைக் கண்டதும் தலையணையோடு வருவார், உம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருவார். எல்லாப் படமும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கும் படங்களில் கொட்டாவி விடுவார். யாராவது புறப்பட்டால் போதும், நிமிர்ந்துவிடுவார். ஊருக்குப் போன் எடுப்பது குறைந்தது. மசுக்குட்டிக் கதை நின்றது. என் கைத்தொலைபேசியில் வரைபடம் பார்க்கப் பழகினார். இங்கிலாந்தின் வரைபடத்தைக் காட்டினேன், கடற்கரை நகரங்களைக் காட்டினேன், கோடையில் போகலாம் என்றேன். உம்மா விரலால் அதைத் தள்ளித் தள்ளி இலங்கைக்குக் கொண்டுபோய்விடுவார். கல்முனையில் விரலை வைப்பார், பொத்துவிலுக்கு இறக்குவார், அங்கிருந்து மொனராகலைக்குத் திருப்பி, மலைக்கு ஏற்றுவார். "எல்லாம் கிட்டத்தானே இரிக்கி! இவ்வளவு நாளும் எனக்கு ஆரும் சொல்லல்லியே" என்று என்னைக் குற்றம் சாட்டுவது போலப் பார்ப்பார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு? பள்ளிக்கூடத்தில் பண்டாரவளைக்குச் சுற்றுலா போனபோது பெண்பிள்ளையை இரவு தங்க அனுப்பக்கூடாது என்று மறித்ததே இவர்தான். அதைச் சொல்லிக் காட்டவும் செய்தேன். "ஓம், மறிச்சன்தான். பிழதான்" என்று சட்டென்று ஒப்புக்கொண்டார். சண்டை பிடிக்க வந்தவளுக்கு அது பெரிய ஏமாற்றம்.

விசா முடிய இன்னும் நாள் இருக்கும்போதே டிக்கெட் போடச் சொன்னார். நான் அழுதேன். இனி மறைத்து என்ன, இங்கேயே இருந்துவிடுங்கள் என்று கேட்டேன், வழி இருக்கிறது என்றேன். அங்கே அந்த வீட்டில் தனியாக என்ன செய்யப் போகிறீர்கள் என்றேன். உம்மா என் தலையைத் தடவினார்.

"புள்ள, இங்க இருந்தா உன்ட வீட்டத்தான் காத்துக்கிட்டு இருப்பன். அங்கயும் உன்ட வீட்டத்தான் காத்துக்கிட்டு இருந்தன். ரெண்டும் ஒண்டுதானே?"

"அப்ப ஏன் போறீங்க?"

"நான் அங்கயும் இருக்கப் போறல்ல. உன்ட வீட்ட இனி நீ பாத்துக்க."

போகிற நாளில் வீட்டுத் திறப்புச் சாவி ஒன்றை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். கோபத்தில் சொன்னது போல இல்லை. இரவல் வாங்கிய பொருளை உரியவரிடம் ஒப்படைப்பது போலத்தான் இருந்தது.

சொன்னபடியே செய்தார். சில நாட்கள் தன்னுடைய தம்பி வீட்டில், சில நாட்கள் எங்கே என்றே தெரியாது. அறுகம்பேயில் வெள்ளைக்காரர்கள் பலகையில் ஏறி அலைமேல் நிற்பதைப் பார்த்து வந்தார். தெருவில் இன்னும் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டார், துணைக்கு மஹ்ரமாக நெருங்கிய ஆண் உறவு வேண்டுமே என்று அந்தத் தம்பியை, முழங்கால் வலிக்காரரான என் மாமாவையும், இழுத்துக்கொண்டார். ஊரில் கதைக்காமல் இல்லை. மகள் வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய்க் கெடுத்துவிட்டாளாம். கெடுத்தது நான்தான் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அதைச் செய்தது அவரை என்னிடம் வைத்துக்கொள்ள, அனுப்பிவைக்க அல்ல. இப்போது பூட்டிக் கிடக்கிற வீட்டை நினைத்து இங்கே நிலைகொள்ளாமல் அலைகிறவள் நான். மாவு குழைத்துக்கொண்டிருக்கும்போது கறையான் நினைவு வரும். மழையென்று செய்தியில் கேட்டால் பக்கத்து வீட்டு ராத்தாவுக்குப் போன் எடுத்து ஓடு ஒழுகுதா என்று கேட்பேன். "உம்மாவ விட நீ மோசம்" என்று அவர் சிரிக்கிறார். என்றாவது போனால் ஒருவர் கதவைத் திறப்பார் என்ற நினைப்பில்தான் இத்தனை வருடம் இங்கே தைரியமாக இருந்திருக்கிறேன். அது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

போன கிழமை ஒருநாள் எனக்கு லீவு. சாமான் வாங்க வழக்கமான பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். உம்மா வீடியோவில் வந்தார். முகம் தெரியவில்லை, பச்சைதான் தெரிந்தது. படம் ஆடியது. ரயில் சத்தம் கேட்டது.

"பாத்தியா? பாத்தியா புள்ள? செடிதான்! மரமாக விடாம வெட்டி வெச்சிருக்காங்க!" உம்மாவின் குரல் அவ்வளவு இளமையாக இருந்து நான் கேட்டதில்லை. பின்னால் மாமா முனகினார், பெண்கள் சிரித்தார்கள். மலைச்சரிவில் வரிசை வரிசையாகச் செடிகளும் ஒரு வெள்ளைப் பாதையும் ஏதோ ஒரு ஸ்டேஷனும் வந்து போயின. நான் பிறந்த நாடு. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

"இது எந்த இடம் உம்மா?"

"எனக்கென்ன தெரியும்? பேர் வாசிக்க முந்திப் போயிட்டு. நீ எங்க இரிக்காய்?"

"பஸ்ஸில."

"எனக்கும் காட்டன்."

போனைத் திருப்பி யன்னலில் பிடித்தேன். மழை. செங்கல் வீடுகள். ஒரு பாலம்.

"அது என்ன ஊர் புள்ள?"

"தெரியா உம்மா."

"அந்த பஸ் கடைசியா எங்க போய் நிக்கும்?"

அதன் நெற்றியில் எழுதியிருக்கிற பெயரைப் பத்து வருடமாக வாசித்துத்தான் ஏறுகிறேன். அது கடற்கரையா, மலையா, வெறும் கடைத்தெருவா, ஒன்றும் தெரியாது. "தெரியா" என்றேன். உம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பத்து வருசமாப் போறாய், ஒருநாள் இறங்காம இருந்து பாக்கல்லியா மகள்?"

நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. மணியை அழுத்த வேண்டும், கையில் போன் இருந்தது. கதவு திறந்தது, இரண்டு பேர் இறங்கினார்கள், கதவு மூடியது. பஸ் கிளம்பியதும் உம்மா வாய்க்குள் துஆவை முணுமுணுக்கத் தொடங்கினார். அது அவர் ஏறியிருக்கிற ரயிலுக்கா, என்னுடைய பஸ்ஸுக்கா என்று நான் கேட்கவில்லை. போனை யன்னலிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாட்டிலும் எனக்குப் பெயர் தெரியாத ஊர்கள் ஓடிக்கொண்டிருந்தன.